சிவப்பு மூடிப் போத்தல்

சிஞ்ஞோர் கஸ்பாரே வீட்டில் அம்பிகை வேலைக்குச் சேர்ந்து பதினொரு வருடமாகிறது. பலெர்மோ நகரத்தில், வியா மக்வேதா தெருவிலிருந்து பிரிகிற ஒரு சந்தில், மூன்றாம் மாடியில், ஐந்து அறை கொண்ட பழைய வீடு. அலுமாரிக்கு மேலே, கட்டிலுக்குக் கீழே, காலமான அவர் மனைவி சிஞ்ஞோராவின் தொப்பிப் பெட்டிக்கு உள்ளே என்று அந்த வீடு முழுக்க அவளுக்கு அத்துப்படி. கை படாத இடம் ஒன்றே ஒன்றுதான். அது பின்னறையில் யன்னலோரம் கிடந்த மரமேசை. சேர்ந்த அன்றே மனிதர் அதைக் காட்டி, இது தூசியோடு இருக்கட்டும், துடைக்காதே, தொடாதே என்று சொல்லிவிட்டார்.

தொடாதே என்றால் தொடாமல் இருக்கலாம். பார்க்காமல் இருக்க முடியுமா? அம்பிகையால் முடியாது. கபோச் சந்தையில் யாராவது கூடையைச் சாக்கால் மூடி வைத்திருந்தால், வாங்குகிற எண்ணம் இல்லாவிட்டாலும் சாக்கைத் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் அப்பால் போவாள். அப்படிப்பட்டவளுக்கு முன்னால் இப்படியொரு மேசையைப் போட்டால் என்ன செய்வாள், பாவம். விளக்குமாறும் கையுமாக அந்த அறை வாசலில் நின்று நின்றே பாதி விஷயத்தைப் பிடித்துவிட்டாள்.

ரயில் பாலங்களைப் பரிசோதிக்கிற உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர் கஸ்பாரே. அந்த மேசையில் அவர் செய்தது வேட்டைத் துவக்குக்குத் தோட்டா. மேசை விளிம்பில் நீளக் கைப்பிடி வைத்த ஓர் இரும்பு அழுத்தி பூட்டியிருந்தது. கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு சின்னத் தராசு இருந்தது. சுட்டு முடிந்த தோட்டாவின் பித்தளை உறையை, அதாவது கோதை, எடுத்து அழுத்தியில் வைத்துப் பழைய அளவுக்கு இறுக்குவார். அடியில் புதிதாக ஒரு வெடிப்பொட்டைப் பதிப்பார். தராசில் வெடிமருந்தை நிறுத்துக் கோதுக்குள் ஊற்றி, அதன் வாயில், பறந்துபோய்த் தைக்கிற சின்னச் சன்னத்தை வைத்து அழுத்துவார். தோட்டா கடையில் வாங்கலாமே என்று ஒருநாள் அவள் கேட்டதற்கு, கடைச் சாப்பாடும் வீட்டுச் சாப்பாடும் ஒன்றா என்று திருப்பிக் கேட்டார். ஒவ்வொரு துவக்குக்கும் ஒவ்வொரு வாய் ருசியாம். ஒரு சிட்டிகை கூடினால் ஒன்றுக்குப் பிடிக்காது, குறைந்தால் மற்றதற்குப் பிடிக்காது. அவருடைய துவக்கு பெரிய மிருகங்களுக்கு உரியது அல்ல. நரி, காகம் மாதிரிப் பண்ணைக்குத் தொல்லை தருகிற சின்ன உருப்படிகளுக்கு, இந்தக் கரையில் படுத்துக்கொண்டு பள்ளத்தாக்கின் அந்தக் கரையில் அடிப்பதற்காக உள்ளது. சன்னம் சின்னது, வேகம் பேய் வேகம். அதனால் தோட்டாவில் மயிரளவு பிசகினாலும் அங்கே ஒரு முழம் விலகிவிடும் என்றார்.

இதையெல்லாம் கேட்கக் கேட்க அம்பிகைக்கு ஆச்சரியம் தாளவில்லை. அவள் மானிப்பாயில் பிறந்து சண்டைக்குள் வளர்ந்தவள். சுட்டு ஓய்ந்த மறுநாள் காலையில் தெரு ஒழுங்கையெங்கும் கோது கிடக்கும். பிள்ளைகள் பொறுக்கி வாயில் வைத்து விசில் ஊதுவார்கள். அந்தக் கரிந்த மணம் அவளுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் அவள் கண்டதெல்லாம் வெறுங்கோது. நிறைந்த தோட்டா எப்போதும் மற்றவர்களிடம்தான் இருந்தது. அதற்குள் இருப்பது கறுப்பா வெள்ளையா, மாவா மணியா, ஒன்றும் தெரியாமலே கடல் கடந்து வந்து பலெர்மோவில் தரை துடைக்கிறாள். கோது என்றால் காரியம் முடிந்துபோனதன் அடையாளம் என்று நினைத்திருந்தவளுக்கு, இந்த மனிதர் கோதிலிருந்து தொடங்குவது புதினமாக இருந்தது. உள்ளே ஊற்றுகிற அதை ஒருதரம் காட்டுங்கள் என்று கேட்க அவளுக்கு வாய் வரும். கேட்டால் வேலைக்காரி மேசைக்கு அலைகிறாள் என்று நினைப்பாரோ என்று அடக்கிக்கொள்வாள்.

பிழை நடந்தது தைப்பொங்கலுக்கு முந்தின கிழமை, வியாழக்கிழமை. கஸ்பாரேக்கு இரண்டு கண்ணிலும் புரை விழுந்திருந்தது. அன்று கண் வைத்தியரிடம் போனவர் பின்னேரம்தான் வருவார். அம்பிகையின் பையில் ஒரு புளி உருண்டை கிடந்தது. தன் வீட்டு விளக்கு, செம்பு, தட்டம் எல்லாம் பொங்கலுக்கு முன் மினுக்க வேண்டும் என்று வரும் வழியில் வாங்கியது. பின்னறையைக் கூட்டப் போனவளின் கண்ணில் மேசையில் இருந்த மூன்று கண்ணாடிப் போத்தல்கள் பட்டன. வெள்ளை மூடி, நீல மூடி, சிவப்பு மூடி. மூன்றுக்குள்ளும் பித்தளைக் கோதுகள், கழுத்தெல்லாம் கரி. பொங்கல் வருகிற நேரத்தில் ஒரு வீட்டில் பித்தளை இப்படிக் கறுத்துக் கிடந்தால் யாழ்ப்பாணத்துப் பெண்ணின் கை சும்மா இருக்குமா? மேசையைத்தானே தொடக்கூடாது என்றார், போத்தலைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே என்று தனக்குத் தானே ஒரு நியாயமும் கண்டுபிடித்தாள்.

அந்த மூடிகளின் நிறத்துக்கு ஓர் அர்த்தம் இருந்தது. அது அவளுக்குத் தெரியாது, நமக்குத் தெரிந்திருப்பது நல்லது. பித்தளைக் கோது ஒவ்வொரு வெடிக்கும் உள்ளே கொஞ்சம் இழுபட்டு மெலியும். அதனால் புதியவை வெள்ளை மூடிக்குள், சில தரம் சுட்டவை நீல மூடிக்குள், ஆயுள் முடிந்தவை சிவப்பு மூடிக்குள். சிவப்பில் உள்ளதை இனி நிரப்பவே கூடாது. கஸ்பாரேயின் ஒரே மகள் மொனிகா ஒருநாள் வந்து அவற்றை எறிந்துவிட்டு, மிச்சத்தைத் தன்னுடைய இயந்திரத்தில் போட்டுச் சுத்தம் செய்து தருவதாகச் சொல்லியிருந்தாள். வீட்டுச் சாவி அவளிடம் உண்டு.

அம்பிகை பிளாஸ்ரிக் பேசினில் புளியைக் கரைத்தாள். பாத்திரம் கழுவுவதில் அவளுக்கு ஒரு முறை உண்டு, ஆகக் கறுத்ததைத்தான் முதலில் ஊறப்போடுவாள். ஆகக் கறுத்தவை சிவப்பு மூடிக்குள் இருந்தன. அவற்றைக் கொட்டி ஊறவைத்த நேரம் பொலோஞ்ஞாவில் படிக்கிற மகள் கேசிகா தொலைபேசியில் வந்தாள். அறைத் தோழியோடு சண்டை, அழுகை, சமாதானம் என்று அந்தக் கதை முடிய வெகுநேரம் ஆயிற்று. திரும்பி வந்து பார்த்தால் கோதுகள் பித்தளை நிறம் போய்ச் செம்பு நிறமாகச் சிவந்திருந்தன. பரவாயில்லை, பளபளப்பாகத்தானே இருக்கிறது என்று எடுத்துக்கொண்டாள். மற்ற இரண்டு போத்தலில் இருந்தவற்றையும் போட்டவுடனே தேய்த்து எடுத்து, எல்லாவற்றையும் ஒரே துவாயில் பல்கனி வெயிலில் காயவைத்து, ஒரே தட்டில் அடுக்கி, போத்தல்களையும் கழுவிக் கவிழ்த்துவிட்டாள்.

தேய்க்கும்போது சிவந்தவற்றில் ஒன்று அவளுக்கு வினோதமாகப் பட்டது. அடிப்பக்கமாகச் சுற்றிவர மயிரிழை போல ஒரு வெளிச்சக் கோடு. நகத்தால் சுரண்டினாள், புளிச் சக்கையால் தேய்த்தாள், கோடு போகவே இல்லை. அது என்ன கோடு என்று அறியாவிட்டால் அவளுக்கு நித்திரை வராது. அந்த ஒன்றை மட்டும் ஏப்ரனின் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

பின்னேரம் வந்த கஸ்பாரே மேசைக்கு முன்னால் நின்று தட்டைத் தடவிப் பார்த்தார். போத்தல்கள் வெறுமையாக இருந்தன, தட்டு மினுங்கியது. அவருக்கு வேறு என்ன தோன்றும்? மொனிகா வந்துபோயிருக்கிறாள் என்றார். இயந்திரத்தில் போட்டாலும் இந்த மினுக்கம் வராது, என் மகளுக்குத் தாயின் கை என்று மனம் நிறையச் சொன்னார். குசினி வாசலில் நின்ற அம்பிகைக்கு, நான்தான் என்று சொல்லத் தொண்டை வரைக்கும் வந்தது. சொன்னால் பேச்சு விழும். சொல்லாவிட்டால் அந்தப் பாராட்டு மொனிகாவுக்குப் போனாலும் செய்தது யார் என்று தனக்காவது தெரியும். கறியைக் கிளறுகிற சாட்டில் உள்ளே திரும்பிவிட்டாள்.

வெள்ளியும் சனியும் அவர் தோட்டா நிரப்பினார். பார்வை மங்கலாக இருந்தாலும் கை பழகிய வேலை, தராசின் இலக்கமும் பெரிய எழுத்து. சனிக்கிழமை மாலை அம்பிகை பார்த்திருக்க மொனிகா வந்து பெட்டியோடு வாங்கிப் போனாள். அப்பா எல்லாம் பார்த்துத்தான் நிரப்பியிருப்பார் என்று அவள் நினைத்தாள். மகள் பார்த்துத்தான் கழித்திருப்பாள் என்று அவர் நினைத்தார். பியானா பக்கத்து மலையில் கஸ்பாரேயின் தமையன் மகன் செம்மறி வளர்க்கிறான். குட்டி போடுகிற காலம், நரி வந்து குட்டிகளைத் தூக்கிக்கொண்டு போகிறது. நரியைச் சுட அனுமதி மொனிகாவின் பெயரில் இருந்தது. பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிக்கிற அவளுக்கு ஞாயிற்றுக்கிழமைதான் வசதி.

ஞாயிறு மத்தியானம் கபோவில் தன் வீட்டில் சாப்பாடு முடிந்த கையோடு அம்பிகை அந்தக் கோதை எடுத்துக் கணவர் சோதிலிங்கத்தின் முன்னால் வைத்தாள். சோதிலிங்கம் இப்போது ஒரு மாடிக் கட்டடத்துக்குக் காவல், ஞாயிறில்தான் வீட்டில் ஓய்வாக இருப்பார். ஊரில் இருந்தபோது கடைச்சல் பட்டறையில் வேலை செய்தவர். இரும்பு, பித்தளை எதைக் கண்டாலும் கையில் எடுத்து உருட்டாமல் விடமாட்டார்.

"இஞ்சருங்கோ, இதிலை ஒரு கோடு இருக்கு. எவ்வளவு தேய்ச்சும் போகேல்லை. என்னெண்டு பாருங்கோ."

"இது எங்கத்தையான்?"

"சிஞ்ஞோற்றை மேசையிலை கிடந்தது. நாளைக்குக் கொண்டுபோய் வைச்சிடுவன்."

அவர் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு யன்னல் பக்கம் திரும்பினார். பிறகு ஓர் ஊக்கை நிமிர்த்தி, நுனியைக் கொஞ்சம் வளைத்து, கோதுக்குள் விட்டு மெல்ல மெல்லச் சுரண்டிக்கொண்டு வந்தார். அடிப்பக்கம் வந்ததும் நுனி ஒரு இடத்தில் தட்டுப்பட்டு நின்றது. திரும்பச் செய்தார். திரும்பவும் அதே இடத்தில் நின்றது. மனிதருக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"பாத்தீரே, உள்ளுக்கை வாய்க்கால் மாதிரி ஓடுது. இந்த இடத்திலை தேஞ்சு கடதாசியாப் போச்சு. இன்னொருக்கா வெடிச்சால் இதிலை அறும்."

"அறுந்தால்?"

"அறுந்தால் நெருப்பும் காத்தும் முன்னுக்கு மட்டும் போகாது. பின்னுக்கும் வரும். சுடுற ஆளின்ரை முகத்துக்குத்தான்."

 அம்பிகைக்குப் புளி கரைத்த பேசின் கண்ணுக்கு முன்னால் வந்தது. சிவந்த கோதுகள் எத்தனை கிடந்தன, அவற்றை எவ்வளவு கவனமாக மற்றவற்றோடு கலந்து அடுக்கினாள் என்று ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. இவ்வளவு காலமும் அவளுக்குத் துவக்கின் முன்பக்கத்தைத்தான் தெரியும். அதன் பின்பக்கத்திலும் கன்னத்தை ஒட்டிக்கொண்டு ஓர் ஆள் இருக்கும் என்று அவள் ஒருநாளும் யோசித்ததில்லை. இன்றைக்கு அந்தக் கன்னம் மொனிகாவின் கன்னம். தாய் செத்த வருடம், சாப்பிடமாட்டேன் என்று கதவைப் பூட்டிக்கொண்டு கிடந்த பெட்டைப் பிள்ளையைக் கதவடியில் உட்கார்ந்து திறக்கவைத்துச் சோறு ஊட்டியவள் அம்பிகை.

மொனிகாவின் தொலைபேசிக்கு அடித்தாள். மலையில் அது எடுபடாது. திரும்பத் திரும்ப அடித்துவிட்டுச் சோதிலிங்கத்தைப் பார்த்தாள். தோட்டாவில் ஏதோ பழுது என்று மட்டும் கிழவருக்குச் சொல்லும், மிச்சத்தைப் பிறகு பாப்பம் என்றார் அவர். மனைவியின் வேலை போய்விடும் என்ற பயம் அவருக்கு. அம்பிகைக்கும் அந்தப் பயம் இருந்தது. ஆனால் எந்தக் கோது என்று சொல்லாமல் எப்படிச் சொல்வது? கஸ்பாரேயை அழைத்தாள். பதினொரு வருடமாகப் பேசுகிற இத்தாலியன் அந்த நேரம் பார்த்துக் காலை வாரியது.

"சிஞ்ஞோரே, கோதுகளைக் கழுவியது மொனிகா இல்லை. நான்."

 "சிவப்பு மூடியில் இருந்ததையுமா?" என்று கேட்டார் கஸ்பாரே.

"எல்லாவற்றையும். எல்லாம் ஒன்றாகக் கலந்துவிட்டது."

அவர் கத்தவில்லை. கார்ச் சாவி குசினியில் கொழுவியிருக்கிறது, உன் மனிசனைக் கூட்டிக்கொண்டு உடனே வா என்றார். இருவரும் சந்தைக் கூட்டத்தை இடித்துக்கொண்டு ஓடினார்கள். தக்காளிக்காரன் திட்டியதும் அம்பிகையின் காதில் ஏறவில்லை.

கஸ்பாரேயின் பழைய பண்டா காரைச் சோதிலிங்கம் ஓட்டினார். முன்னால் கஸ்பாரே, பின்னால் அம்பிகை.  மலைவழி தொடங்கியதும் கஸ்பாரே திரும்பாமலே கேட்டார், எதைப் போட்டுக் கழுவினாய்? அவள் சொன்னாள். புளி என்றால் என்ன என்று அவருக்குத் தெரியாது, எலுமிச்சை மாதிரிப் புளிப்பான ஒரு பழம் என்று விளக்கினாள். எவ்வளவு நேரம்? கேசிகாவின் சண்டைக் கதையையும் சொல்ல வேண்டி வந்தது. அதனால் முதலில் போட்டவை செம்பு மாதிரிச் சிவந்துவிட்டன என்றாள். அந்தச் சொல் விழுந்ததும் மனிதர் முழுக்கத் திரும்பினார்.

"எந்தப் போத்தலை முதலில் போட்டாய்?"

"ஆகக் கறுத்ததை. நாங்கள் எப்போதும் அப்படித்தான். சிவப்பு மூடி."

"நிச்சயமாக?"

"நிச்சயமாக."

புளிப்பு அதிக நேரம் பட்டால் பித்தளையின் மேற்பரப்பில் கலந்திருக்கிற துத்தநாகம் கரைந்து செம்பு மட்டும் எஞ்சும் என்று அவர் தனக்குள் சொல்வதுபோலச் சொன்னார். அப்படியென்றால் எறிய வேண்டியவற்றுக்கு நீயே அடையாளம் போட்டிருக்கிறாய். அந்த இக்கட்டிலும் அவர் குரலில் விடுப்பு அறிகிற ஓர் ஆவல் இருந்தது. அம்பிகைக்கு அது ஆறுதலாக இல்லை. அடையாளம் இருந்து என்ன, அதைப் பார்க்கத் தெரியாதவள் அல்லவா தோட்டாவோடு படுத்திருக்கிறாள்.

பண்ணைக்குத் திரும்புகிற மண்பாதை தொடங்கியதிலிருந்து ஹோர்னை விடாமல் அழுத்தச் சொன்னார் கஸ்பாரே. சத்தம் கேட்டால் நரி ஓடிவிடும், நரி ஓடினால் மொனிகா சுடமாட்டாள். சோதிலிங்கம் ஒரு கையால் ஸ்டியரிங்கையும் மறுகையால் ஹோர்னையும் பிடித்தபடி கல்லிலும் குழியிலும் காரை விட்டார். செம்மறிகள் மூலைக்கு மூலை சிதறின. பண்ணைக்காரனான தமையன் மகன் தொப்பியைக் கழற்றி ஆட்டி ஏசிக்கொண்டு ஓடிவந்தான். பொழுது சாய்கிற நேரம். கல்மதிலுக்குப் பின்னாலிருந்து ஓர் உருவம் எழும்பியது.

அம்பிகை காரிலிருந்து இறங்கி மதிலை நோக்கி ஓடினாள். மொனிகா முழுசாகத்தான் நின்றாள், கோபமாகவும் நின்றாள். ஒரு மணித்தியாலம் அசையாமல் படுத்திருந்து இப்போதுதான் நரி இரண்டாந்தரம் தலைகாட்டியது, நீங்கள் வந்து கெடுத்தீர்கள் என்றாள். இரண்டாந்தரமா என்று கேட்டார் கஸ்பாரே. ஆமாம், முதல்தரம் கண்டபோது ஒரு வெடி வைத்தாள், தவறிவிட்டது. வழக்கமாக இப்படி விலகாது, கன்னத்தில் சூடாக ஏதோ ஊதியது மாதிரியும் இருந்தது, குளிர்காற்றாக்கும் என்று விட்டுவிட்டாள். சூடாக ஊதுகிற குளிர்காற்றைப் பற்றிக் கணக்கு ரீச்சர் இரண்டாந்தரம் யோசிக்கவில்லை. நரி திரும்பி வருகிற அவசரம்.

துவக்கைத் திற என்றார் கஸ்பாரே. அடுத்த வெடிக்குத் தயாராக உள்ளே இருந்த தோட்டாவை அவள் எடுத்துத் தந்தாள். சுட்ட கோதையும் சட்டைப் பையிலிருந்து எடுத்தாள், தோட்டா நிரப்புகிறவர்கள் கோதை ஒருபோதும் எறிவதில்லை. கஸ்பாரே இரண்டையும் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்துவிட்டு, தன் புரைக்கண்ணுக்கு எல்லாம் மஞ்சளாகத்தான் தெரிகிறது என்று அம்பிகையிடம் நீட்டினார்.

இரண்டும் சிவப்பு. சுட்ட கோதில் அந்த மயிரிழைக் கோடு இருக்க வேண்டிய இடத்தில் பாதிச் சுற்றுக்கு வெடித்துப் பிளந்திருந்தது. பிளவின் இரண்டு பக்கமும் கரி. அம்பிகை நிமிர்ந்து மொனிகாவின் முகத்தைப் பார்த்தாள். வலது கன்னத்தில் மிளகுத்தூள் தெளித்தது மாதிரிக் கரும்புள்ளிகள். மூக்குக் கண்ணாடியின் வலது பக்கம் புகை படிந்திருந்தது. அந்தக் கண்ணாடி இல்லையென்றால் அது அவள் கண். பிளவு மற்றப் பாதிக்கும் ஓடியிருந்தால் கண்ணாடியும் போதாது. அடுத்த தோட்டா எப்படிப் பிளந்திருக்கும் என்று யாருக்கும் தெரியாது.

அம்பிகை அழுதாள். அழுதுகொண்டே தன் சால்வை நுனியால் அந்தக் கன்னத்தைத் துடைத்தாள். கரி போனது, கீழே சின்னச் சின்னதாகச் சிவந்த பொக்குளங்கள் இருந்தன. நான்தான் கழுவினேன், நான்தான் கலந்தேன் என்று அவள் சொல்லச் சொல்ல மொனிகாவுக்கு விஷயம் விளங்கியது. அம்பிகையின் கையிலிருந்த பிளந்த கோதை வாங்கி அப்போதுதான் சரியாகப் பார்த்தாள். 

"ஏன் சொல்லவில்லை?" என்று கேட்டாள்.

"உன் அப்பா மினுக்கம் நல்லாயிருக்கிறது என்றார். அதைக் கேட்டுக்கொண்டிருக்க ஆசையாக இருந்தது."

 கஸ்பாரே காரின் முன்மூடியில் சாய்ந்து நின்றார். பதினொரு வருடமாகத் தொடாதே என்று சொன்னேன், ஏன் என்று ஒருநாளாவது சொல்லியிருக்கலாம் என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை, மதிலைப் பார்த்துத்தான் சொன்னார்.

வெளிச்சம் போவதற்குள் தோட்டாப் பெட்டியை முன்மூடியில் கவிழ்த்தார்கள். அம்பிகை ஒவ்வொன்றாக எடுத்து, சிவந்ததை ஒரு பக்கமும் மஞ்சளை மறுபக்கமும் வைத்தாள். சந்தேகமானவற்றை மொனிகா வாங்கித் தானும் பார்த்தாள். மொனிகாவுக்கும் சந்தேகமென்றால் அதுவும் சிவப்போடு போனது. கடைசியில் அம்பிகை வீட்டிலிருந்து பையில் கொண்டுவந்த கோதையும் எடுத்துச் சிவப்போடு சேர்த்தாள். அதை எப்போது எடுத்தாய் என்று ஒருவரும் கேட்கவில்லை. சோதிலிங்கம்தான் முதலில் நிமிர்ந்தார், மெல்ல அவள் கையில் தட்டினார்.

"அங்கை பாரும்."

பள்ளத்தின் அந்தக் கரையில் கற்களுக்கு நடுவே நரி நின்றது. ஹோர்ன் சத்தத்துக்கு ஓடியது, ஓய்ந்ததும் திரும்பி வந்திருக்கிறது. இத்தனை பேர் ஒரு காரின் மேல் குனிந்து அப்படி என்னத்தைப் பொறுக்குகிறார்கள் என்று அறிகிற மாதிரித் தலையைச் சரித்துப் பார்த்தது. பண்ணைக்காரன் சுடுங்கள் சுடுங்கள் என்று பல்லுக்குள் சொன்னான். மொனிகா மஞ்சள் குவியலைப் பார்த்தாள், கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள், துவக்கை எடுத்துக் காரின் பின்பக்கம் வைத்துப் பூட்டினாள். நரி பார்த்து முடித்துவிட்டுத் தன்பாட்டில் போனது. பண்ணைக்காரன் தொப்பியை நிலத்தில் அடித்தான்.

மறுநாள் அம்பிகை வேலைக்குப் போனபோது, இனி வரவேண்டாம் என்ற சொல்லை எதிர்பார்த்துத்தான் போனாள். கதவைத் திறந்தது மொனிகா. பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லியிருந்தாள். கன்னத்தில் களிம்பு பூசியிருந்தது. பின்னறைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அங்கே மேசை முன்னால் கஸ்பாரேயின் கதிரைக்குப் பக்கத்தில் இன்னொரு கதிரை போட்டிருந்தது. மேசையில் சிவந்த தோட்டாக்கள் எல்லாம் ஒரு தட்டில் இருந்தன. அவற்றைப் பிரித்தெடுக்க வேண்டும், நீ கலந்ததை நீதான் பிரிக்க வேண்டும் என்றார் கஸ்பாரே. குரல் கடுமையாகத்தான் இருந்தது, ஆனால் கதிரையை இழுத்துவிட்டதும் அவர்தான்.

சுத்தியல் மாதிரி ஒரு கருவி, தலை வெறும் பிளாஸ்ரிக், உள்ளே குழி. அதில் தோட்டாவைச் செருகி மூடி, மரக்கட்டையில் ஒரு தட்டுத் தட்ட வேண்டும். சன்னமும் மருந்தும் கழன்று உள்ளே விழும். அம்பிகை முதல் தட்டை முத்தம் கொடுக்கிற மாதிரித் தட்டினாள், ஒன்றும் விழவில்லை. தேங்காய் உடைக்கிற மாதிரி அடி என்று மொனிகா சொன்னாள். அம்பிகையின் சமையலைப் பார்த்துப் பழகியவள் அல்லவா. அடித்தாள். உள்ளே கிலுங்கியது.

அம்பிகை அதைத் திறக்காமல் கையிலேயே வைத்திருந்தாள். கேட்கலாமா என்று இன்னும் யோசித்தாள். பிறகு கேட்டாள்.

"உள்ளே இருக்கிறதை நான் ஒருதரம் பார்க்கலாமா?"

கஸ்பாரே அவள் உள்ளங்கையைப் பிடித்து விரித்துக் கருவியைச் சரித்தார். சன்னம் முதலில் விழுந்தது. பின்னால் மருந்து கொட்டியது. சாம்பல் கலந்த கறுப்பில், எள்ளை இரண்டாக நறுக்கியது மாதிரிப் பொடிப்பொடியான குச்சிகள். ஒரு தேத்தண்ணிக்குப் போடுகிற தேயிலை அளவுகூட இல்லை. பாரமே தெரியவில்லை.

மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோய் மணந்து பார்த்தாள். அவளுக்குத் தெரிந்த கரிந்த மணம் அதில் இல்லை. நகத்துக்குப் பூசுகிற மை மாதிரி லேசாக ஒரு வாசனை, அவ்வளவுதான். ஒழுங்கையெல்லாம் சிதறிக் கிடந்த கோது ஒவ்வொன்றுக்குள்ளும் இதுதான் இருந்திருக்கிறது. மேல்வீட்டுக் கூரை பிய்ந்தது இதனால். அப்பா பள்ளிக்கூடத்தில் அகதியாகப் படுத்தது இதனால். அவள் இங்கே வந்து நிற்பதும் இதனால். கோபப்பட வேண்டும் போல இருந்தது. உள்ளங்கையைப் பார்த்துக் கோபப்பட அதில் ஒன்றும் இல்லை.

"இவ்வளவுதானோ," என்றாள் தமிழில்.

என்ன சொன்னாய் என்று மொனிகா கேட்டாள். அம்பிகைக்கு அதை இத்தாலியனில் சொல்ல வரவில்லை. களிம்பு பூசிய அந்தக் கன்னத்தை ஒருதரம் பார்த்தாள். பிறகு ஒரு பொடியும் கீழே சிந்தாமல் மருந்தைக் கிண்ணத்துக்குள் தட்டி, கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டு, தட்டிலிருந்து அடுத்த சிவப்புத் தோட்டாவை எடுத்தாள்.